முத்திரையில் நின்ற வாக்கியம்

"முத்திரை எது அம்மா?" என்று கேட்டார் பாக்கியநாதன் உபதேசியார்.

யோவன்னாள் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"எந்த முத்திரை?"

"மிருகத்தோட முத்திரை. வலது கையில, நெத்தியில போடுறது. ரேஷன் கடையில விரல் வைக்கச் சொல்லுதாங்களே, அந்த மிஷின்தான் அதுன்னு சபையில சொல்லியிருக்கேன். அதுதானா, இல்லையா? எனக்கு ஒண்ணு தெரியணும்."

"சொல்லும்போது தெரியாதா?"

"தெரியும்னு நினைச்சேன்."

அம்மா ஒரு காம்பை ஒதுக்கிப் போட்டார்.

"கை கால் கழுவிட்டு வாங்க. சாப்பாடு ஆகிடுச்சு."

மலையடிவாரத்தில் இருந்த அந்தக் கிறிஸ்தவ ஆசிரமத்துக்கு உபதேசியார் புதியவர் இல்லை. வருஷம் தவறாமல் லெந்து என்கிற தவக்காலத்தில் வந்து தங்கிப் போகிறவர்தான்.

முன்பெல்லாம் அங்கே பெரிய ஐயா இருந்தார். ஒன்று கேட்டால் ஒன்பது சொல்வார். மூல பாஷையில் என்ன இருக்கிறது, ரோமாபுரியில் அப்போது யார் ராஜா, ஆதித் திருச்சபையில் என்ன நினைத்தார்கள் என்று பேச்சு போய்க்கொண்டே இருக்கும். கேட்ட கேள்வி மறந்துபோகும், ஆனால் மனசு நிறைந்துவிடும்.

ஐயா காலமானபின் பொறுப்பு யோவன்னாள் அம்மாவிடம் வந்தது. அம்மாவுக்கு வயது உபதேசியாரைவிடக் குறைவு. பேச்சு அதைவிடக் குறைவு. தன்னைவிடச் சின்னவளிடம், அதுவும் ஒரு பெண்ணிடம், தரையில் உட்கார்ந்து கேள்வி கேட்பது உபதேசியாருக்குக் கொஞ்சம் கசந்தது. அதை மறைக்கவும் அவருக்குத் தெரியாது.

இருந்தும் வந்திருந்தார். லெந்து காலம் எங்கேயோ கிடக்க, கொட்டுகிற ஐப்பசி மழையில், பஸ் மாறி மாறி ஏறி வந்திருந்தார். நிலைமை அப்படி.

அவருடைய ஊர் கடலோரத்தில். ஊரே உப்பளத்தை நம்பிப் பிழைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, வாரத்தில் ஒருநாள் வீட்டு ஜெபம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் உபதேசியார்தான். நல்ல மனுஷர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எந்த வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். பிணத்தைக் குளிப்பாட்ட ஆள் இல்லாவிட்டால் தானே வேட்டியை மடித்துக் கட்டுவார்.

ஆனால் அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் கையில் ஏறிவிட்டால் ஆளே மாறிவிடுவார். வலுசர்ப்பம், ஏழு தலை மிருகம், மகா பாபிலோன் என்று ஒவ்வொன்றாக இறக்குவார். குரல் தடித்துவிடும். முன்வரிசையில் தூங்குகிற ஆட்கள்கூட எழுந்து உட்காருவார்கள்.

அதற்கென்றே ஒரு படத்துணி வைத்திருந்தார். போஸ்டர் வரைகிற ஒருவரிடம் சொல்லி வாங்கியது. கடலுக்குள்ளிருந்து மிருகம் ஏழு தலையோடு எழும்பி வரும். ஒவ்வொரு தலைக்குக் கீழேயும் ஒரு பெயர்ச்சீட்டை ஊக்கு வைத்துக் குத்தியிருப்பார். உலகம் மாற மாற, சீட்டு மாறும். ஒரு காலத்தில் ஒரு ராஜ்யத்தின் பெயர் இருந்தது. அந்த ராஜ்யம் உடைந்து போனதும் வேறொரு நாட்டின் பெயர் வந்தது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. சாமான் டப்பாமேல் இருக்கிற கறுப்புக் கோடுகள் வந்தன. ஒவ்வொரு சீட்டையும் முழு நம்பிக்கையோடுதான் குத்தினார். கழற்றும்போது மட்டும் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துக் கழற்றுவார்.

கடைசியாக ரேஷன் கடையில் கைரேகை மிஷின் வந்தது. விரல் வைத்தால்தான் அரிசி என்றார்கள்.

உபதேசியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வலது கை. முத்திரை. அது இல்லாமல் வாங்க முடியாது; அதைப் போட்டுக்கொண்டவனுக்கோ அக்கினிக் கடல். எழுதியிருப்பது அப்படியே கண்முன்னால் நடக்கிறதே என்று நடுங்கிப்போனார். அந்த நடுக்கம் பொய்யில்லை. வீட்டுக்கு வந்ததும் ரேஷன் கார்டை டிரங்குப் பெட்டிக்கு அடியில் போட்டுப் பூட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சபையில் நின்று, வலது கையை உயர்த்தி, விரலை வைக்காதே என்றார்.

சபை பயந்தது. பயந்தபடியே அடுத்த வாரம் கடையில் வரிசையில் நின்று விரலை வைத்தது. பிள்ளைகுட்டிக்காரர்கள் வேறென்ன செய்வார்கள்.

ஒருத்தி மட்டும் வைக்கவில்லை. அவள் பெயர் கிருபைக்கனி.

புருஷன் இல்லாதவள். உப்பளத்தில் உப்பு வாருகிறவள். ஜெபசீலி என்று ஒரே மகள். உபதேசியார் சொன்னால் கிருபைக்கனிக்கு அது எழுதி முத்திரை போட்டது மாதிரிதான். வெயில் காலத்தில் பெரிய கஷ்டமில்லை. கூலியில் பலசரக்குக் கடையில் நொய்யரிசி வாங்கிக்கொள்வாள். மழை பிடித்தால் உப்பளத்தில் தண்ணீர் ஏறிவிடும், தை பிறக்கும்வரை வேலை கிடையாது. அந்த மாதங்களில் உப்பளத்துக்காரர்கள் எல்லோருக்கும் ரேஷன் அரிசிதான் கஞ்சி.

அக்கம்பக்கத்தில் அரிசி கொடுத்துப் பார்த்தார்கள். விரல் வைத்து வாங்கின அரிசி வேண்டாம் என்றுவிட்டாள். உபதேசியாரிடமே யாரோ போய்க் கேட்டார்கள். அவர் யோசித்துப் பார்த்து, முத்திரை வழியாக வந்த அரிசி யார் கையால் வந்தாலும் அதே அரிசிதான் என்று தீர்ப்புச் சொன்னார். தன் வீட்டிலிருந்து ஒரு பை அரிசி கொடுத்தனுப்பினார். ஊழியக்காரர் சோற்றில் பங்கு கேட்கக்கூடாது என்று அதையும் அவள் கும்பிட்டுத் திருப்பியனுப்பினாள்.

மழைக்காகப் பள்ளிக்கூடம் மூடியது. மத்தியானச் சத்துணவும் நின்றது.

போன ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் படத்துணியை மாட்டி, வலது கையை உயர்த்தி, "முத்திரை" என்று முழங்கிய நேரத்தில் ஜெபசீலி தொப்பென்று விழுந்தாள்.

சபையார் பரிசுத்த ஆவியானவர் இறங்கிவிட்டார் என்று நினைத்தார்கள். ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று சத்தம் போட்டார்கள். உபதேசியாரும் சேர்ந்து அல்லேலூயா சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு வேறு சொன்னார். ஒரு பாட்டும் பாடி முடித்தார்கள். பிள்ளை எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒருத்தி தொட்டுப் பார்த்துவிட்டு, உடம்பு சில்லிட்டுக் கிடக்கு, இது ஆவி இல்லை என்றாள்.

தண்ணீர் தெளித்தார்கள். ஜெபசீலி கண் திறந்தாள். கிருபைக்கனி வெட்கத்தோடு, நேற்றிலிருந்து பிள்ளை ஒன்றும் சாப்பிடவில்லை என்றாள்.

அந்த அல்லேலூயா உபதேசியாருக்குத் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அதோடுதான் ஆசிரமத்துக்கு வந்திருந்தார்.

சாப்பிட்டபின் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னார்.

"சபைக் கமிட்டிக்காரங்க என்னைப் போய்ச் சொல்லச் சொல்லுதாங்க. விரலை வைம்மான்னு நான் ஒரு வார்த்தை சொன்னா அவ வச்சிருவா. ஆனா அது முத்திரையா இருந்துட்டா? நானே அவளை அக்கினிக் கடல்ல தள்ளினவன் ஆயிருவேன்."

"முத்திரை இல்லைன்னா?"

"இல்லைன்னா, இவ்வளவு பட்டினியும் வீணாப் போச்சுன்னு ஆயிரும். அதையும் அவகிட்ட எப்படிச் சொல்ல?"

"இந்த ரெண்டு பயம்தானா?"

உபதேசியார் தரையைப் பார்த்தார். அம்மாவிடம் பொய் சொல்ல வரவில்லை.

"இன்னொண்ணும் இருக்கு. சபை முன்னால நின்னு நான் சொன்னது தப்புன்னு சொல்லணும்."

"சரி" என்றார் அம்மா.

அவ்வளவுதான். ஐயாவாக இருந்தால் இந்நேரம் ரோமாபுரிக்குப் போயிருப்பார் என்று உபதேசியார் நினைத்துக்கொண்டார்.

தான் சும்மா பேசுகிறவன் இல்லை என்று காட்ட, கையோடு கொண்டு வந்திருந்த படத்துணியை விரித்தார். ஒவ்வொரு தலையாக விளக்கினார். இது இன்ன வல்லரசு, இது இன்ன கூட்டணி, இது உலக வங்கி, இதுதான் புதிதாகக் குத்தின சீட்டு, கைரேகை மிஷின். அம்மா குனிந்து எல்லாச் சீட்டையும் வாசித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"ஏழு தலையும் வெளியூராவே இருக்கே. உங்க ஊர் ஒண்ணுகூட இல்லையா?"

"எங்க ஊர் சின்ன ஊரும்மா."

அம்மா தலையாட்டினார். அதற்கு என்ன அர்த்தம் என்று உபதேசியாருக்கு விளங்கவில்லை.

"உங்க வீட்டுல என்ன அரிசி?"

"பொன்னி."

"ரேஷன் கார்டைப் பெட்டியில போட்ட பிறகும் பொன்னிதானா?"

"எங்களுக்கு எப்பவும் பொன்னிதான் அம்மா. சபைச் சம்பளம் வருதுல்லா. ரேஷன் அரிசி கோழிக்குத்தான் போடுவோம்."

சொன்னபின் அவருக்கே ஒருமாதிரி இருந்தது. கோழியைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அப்போது மழை கொஞ்சம் விட்டிருந்தது. அவர் ஊருக்குக் கடைசி பஸ் எப்போது என்று அம்மா கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்று உபதேசியார் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். பெருவிரலை வைத்தார். போன் திறந்தது. அம்மாவின் பார்வை அந்த விரலில் இருந்தது.

"இது வேற அம்மா" என்றார் உபதேசியார்.

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"இதுல கொடுக்கல் வாங்கல் கிடையாது. வேதத்துல கொள்ளவும் விற்கவும்னு தெளிவாப் போட்டிருக்கு."

"ரேஷன் அரிசி சும்மாதானே கொடுக்கறாங்க?"

"சீனிக்கும் பருப்புக்கும் விலை உண்டு."

அவரிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. கமிட்டிக்காரர்கள் இதே கேள்விகளைக் கேட்டு வாயடைத்துப் போயிருந்தார்கள். அம்மா வாயடைத்துப் போனதாகவும் தெரியவில்லை, தோற்றதாகவும் தெரியவில்லை. எழுந்து போய்த் தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து கீரைச்சட்டியைக் கழுவ ஆரம்பித்தார்.

உபதேசியாருக்குக் கோபம் வந்தது. ஒரு பிள்ளை பட்டினி கிடக்கிறது, இங்கே சட்டி கழுவுகிறார்கள்.

"அம்மா, நான் விளையாட்டுக்கு வரல. எழுதியிருக்கிறபடியே நடக்குதுன்னு சொல்லுதேன். விரல் வைக்காதவளால அரிசி வாங்க முடியல. நேருக்கு நேர் பார்க்கேன். மிருகம் அந்தப் பிள்ளையைப் பட்டினி போடுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

அம்மா கழுவுவதை நிறுத்தினார். அன்றைக்கு முதல்முறையாக அவர் கை நின்றது.

"அந்த இடத்தை வாசிங்க" என்றார்.

வாசிக்க அவருக்குப் புத்தகம் தேவையில்லை. ஆனாலும் எடுத்து, பதின்மூன்றாம் அதிகாரத்தை விரித்து, எழுந்து நின்றார். அது பெரிய வாக்கியம். 'அது' என்று தொடங்கும். சிறியோர், பெரியோர், பணக்காரர், ஏழைகள், சுயாதீனர், அடிமைகள் என்று எல்லோரையும் வரிசையாகக் கூப்பிட்டு, வலது கைக்கும் நெற்றிக்கும் வந்து, முத்திரையில் ஏறும். உபதேசியாரின் குரலும் கூடவே ஏறும். "முத்திரை" என்றதும் கை தானாக உயரும். அங்கே நிறுத்துவார். இத்தனை வருஷமாக அங்கேதான் நிறுத்தியிருக்கிறார். சபையும் அங்கேதான் ஆமென் சொல்லும். பிறகு நேராக அதிகாரத்தின் கடைசி வசனத்துக்குத் தாவி, அறுநூற்று அறுபத்தாறு என்கிற இலக்கத்தைப் பிடித்துக்கொள்வார்.

இப்போதும் அங்கேயே நிறுத்தினார்.

"முடிங்க" என்றார் அம்மா.

அம்மா விளக்கத்தைக் கேட்கிறார் என்று உபதேசியார் நினைத்துக்கொண்டார். முத்திரை என்பதற்கு மூல பாஷையில் என்ன சொல், அடிமைகளுக்குச் சூடு போடுகிற வழக்கம், ராஜாவின் தலை பொறித்த நாணயம் என்று பெரிய ஐயாவிடம் கேட்டது எல்லாவற்றையும் சொன்னார். நன்றாகவே சொன்னார்.

அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"முடிக்கலையே" என்றார்.

"இன்னும் என்ன அம்மா இருக்கு?"

அம்மா சட்டியைக் கவிழ்த்து வைத்தார். கையை முந்தானையில் துடைத்தார்.

"கிருபைக்கனிக்கு வாசிக்கத் தெரியுமா?"

"தெரியும். எழுத்துக் கூட்டி வாசிப்பா. எங்க முதியோர் வகுப்புல படிச்சவதான்."

"அவளை வாசிக்கச் சொல்லுங்க. கடைசி வார்த்தை வரைக்கும். நீங்க ஒண்ணும் விளக்க வேண்டாம். அவ ஏதாவது கேட்டா அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"இதுதான் பதிலா?"

"பஸ் போயிடும்" என்றார் அம்மா.

உபதேசியார் படத்துணியைச் சுருட்டினார். பஸ்ஸில் வழியெல்லாம் மனசுக்குள் பொருமிக்கொண்டு வந்தார். பெரிய ஐயா இருந்திருந்தால் இப்படிக் கையை விரித்திருக்க மாட்டார். வேதத்தைக் கரைத்துக் குடித்த நமக்கே பிடிபடாததை, முதியோர் வகுப்பில் அ ஆ படித்தவள் வாசித்து என்ன ஆகப்போகிறது. போகாமல் விட்டுவிடலாமா என்றும் நினைத்தார். ஆனால் சபையில் விழுந்து கிடந்த அந்தப் பிள்ளையின் கை ஞாபகம் வந்தது. மறுநாள் காலையில் போனார்.

கிருபைக்கனி வீட்டில்தான் இருந்தாள். உபதேசியாரைக் கண்டதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "ஸ்தோத்திரம் ஐயா, உள்ள வாங்க" என்றாள். பாய் விரித்தாள். செம்பில் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். எப்போது போனாலும் கடுங்காப்பி போட்டுத் தருகிறவள். இன்றைக்குத் தண்ணீர் மட்டும். அது அவருக்கு உறைத்தது.

ஜெபசீலி சுவரோரம் படுத்திருந்தாள். எழுந்து ஸ்தோத்திரம் சொல்லப் பார்த்தாள். படுத்துக்கொள் என்று உபதேசியார் சொன்னார். அவள் சொன்னபடி கேட்டாள்.

கமிட்டிக்காரர்கள் நேற்று வந்திருந்ததைக் கிருபைக்கனி சொன்னாள். அவர்களுக்கு என்ன பதில் சொல்லி அனுப்பினாள் என்பதையும் சொன்னாள். சொல்லும்போது பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற பிள்ளையின் முகம் அவளுக்கு வந்தது.

"நீங்க சொன்னதத்தான் சொன்னேன் ஐயா. கடைசிக் காலத்துல ஆட்டுக்குட்டி மாதிரி வருவாவ, வலுசர்ப்பம் மாதிரி பேசுவாவ. ஊழியக்காரரே வந்து விரலை வைன்னு சொன்னாலும் நம்பாதன்னு சொல்லியிருக்கீயள்லா. அதைச் சொன்னேன். அப்படியே திரும்பிப் போயிட்டாவ."

ஒரு நிமிஷம் உபதேசியாருக்குப் பெருமையாக இருந்தது. அவருடைய பிரசங்கத்தை இவ்வளவு சுத்தமாகக் காதில் வாங்கின ஆள் இந்த ஊரில் வேறு யாரும் இல்லை.

அடுத்த நிமிஷம் பயம் வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் வைத்துவிடுவாள் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். அந்த வார்த்தையை இப்போது சொல்ல முடியாது. சொன்னால் அவள் கண்ணுக்கு அவரே அந்த ஆட்டுக்குட்டி ஆகிவிடுவார். தான் போட்ட வேலியைத் தானே தாண்ட முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

வேறு வழி தெரியவில்லை. பையிலிருந்து வேதத்தை எடுத்து, அந்த அதிகாரத்தை விரித்து, அவளிடம் கொடுத்தார்.

"இதை வாசிம்மா. கடைசி வார்த்தை வரைக்கும்."

கிருபைக்கனி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். உப்பில் வெடித்த விரலை வரிக்கு அடியில் வைத்து வாசிக்க ஆரம்பித்தாள். மெதுவாகத்தான் வாசித்தாள். பெரிய சொல் வந்தால் இரண்டாக உடைத்தாள். சிறியோர், பெரியோர் எல்லோரும் வந்தார்கள். வலது கை வந்தது. நெற்றி வந்தது. முத்திரை வந்தது.

உபதேசியாரின் கை பழக்கத்தில் கொஞ்சம் உயர்ந்தது.

அவள் நிறுத்தவில்லை. பிரசங்கம் பண்ணிப் பழக்கமில்லாதவள், எங்கே நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. விரல் அடுத்த வரிக்குப் போனது. அதற்கப்பால் இருந்த சொற்களை, வாதத்துக்கு ஒன்றிரண்டை எடுத்ததைத் தவிர, உபதேசியார் எத்தனையோ காலமாக வாய்விட்டு வாசித்ததில்லை. யாரோ புதிதாக எழுதிச் சேர்த்தது போல ஒவ்வொன்றாக அவர் காதில் விழுந்தது.

"...கொள்ளவும் விற்கவும் கூடாதபடிக்கும் செய்தது."

கிருபைக்கனி நிறுத்தினாள். விரல் அந்தக் கடைசிச் சொல்லிலேயே இருந்தது.

"கொள்ளவும்னா வாங்குறதுதான ஐயா?"

"ஆமா."

"அப்போ, வாங்கக் கூடாதபடிக்குச் செய்ததுன்னு இருக்கு."

"ஆமா."

அவள் வாக்கியத்தின் தொடக்கத்தைத் தேடினாள். அது எங்கேயோ மேலே போய்விட்டிருந்தது. விரலை எடுக்க மனமில்லாமல் நிமிர்ந்து அவரைக் கேட்டாள்.

"எது ஐயா செய்தது?"

வகுப்பில் கேட்பது போலத்தான் கேட்டாள். அதில் குத்தல் ஒன்றும் இல்லை.

பதில் அவர் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பூமியிலிருந்து எழும்பின, ஆட்டுக்குட்டிக் கொம்புள்ள இரண்டாம் மிருகம். அதற்கு அர்த்தம் இன்னது, அதற்குப் பின்னால் நிற்கிற ராஜ்யம் இன்னது. வாயைத் திறந்தார்.

ஜெபசீலி படுத்தபடியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்லப்போவதைக் கேட்பதற்காகக் கண்ணை விழித்து வைத்திருந்தாள். அடுப்பில் சாம்பல்கூட இல்லை, துடைத்துச் சுத்தமாக இருந்தது. கடை இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. அரிசி இருக்கிறது. ஊரில் எல்லோரும் வாங்கியாயிற்று. இந்த ஒரு வீடு மட்டும் வாங்கவில்லை.

உபதேசியார் செம்புத் தண்ணீரை எடுக்கப் போய், எடுக்காமல் கையை இழுத்துக்கொண்டார்.

"எது ஐயா?" என்று மறுபடியும் கேட்டாள் கிருபைக்கனி.

"நான்" என்றார்.

கிருபைக்கனி அவரையே பார்த்தாள். ஆட்டுக்குட்டி மாதிரி வருகிறவன் என்னென்ன சொல்வான், எப்படியெல்லாம் நயந்து பேசுவான் என்று அவர்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். இந்தப் பதில் அதில் இல்லை.

உபதேசியாருக்கு அழுகை வந்தது. அதை அவர் மறைக்கவில்லை.

அவள் வேதத்தை மூடி அவரிடம் கொடுத்தாள். எழுந்து, கொடியில் கிடந்த பையை எடுத்து உதறினாள்.

"கடை எத்தனை மணி வரைக்கும் ஐயா?"